குச்சி துரையின் காது

அவர் காரில் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஏசியை அணைக்கச் சொல்வார். ஜூலை மாதம், துபாய், மதியம் மூன்று மணி. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் கேட்பார். பிறகு, பின்பக்கம் இடது சக்கரத்தில் பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிட்டு ஏசியைப் போடச் சொல்வார். முதல் தடவை நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். பதினெட்டாம் நாள் ஷேக் சாயித் ரோட்டில் வண்டி நின்றது. அதற்கப்புறம் துரை சொன்னார் என்று போய் நின்றால் போதும், மெக்கானிக் வண்டியைத் தூக்கிப் பார்க்காமலே போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்துவிடுவான்.

ஐந்து வருஷம் அவருக்கு வண்டி ஓட்டினேன். இங்கிலாந்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். எழுபது பேர் வயலினும் செல்லோவும் ஊதுகிற வாத்தியங்களுமாக உட்கார்ந்திருக்க, முன்னால் நின்று குச்சியை ஆட்டுகிற ஆர்க்கெஸ்ட்ரா கண்டக்டர். கண்டக்டருக்கு டிரைவராக இருக்கிறேன் என்று ஊருக்குப் போன் பண்ணினால் எந்த ரூட் என்று கேட்டார்கள். இரண்டு தடவை விளக்கிச் சொல்லிப் பார்த்துவிட்டு, அஜ்மான் டு துபாய் என்று சொல்லி முடித்துக்கொண்டேன். ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திய எங்கள் கம்பெனியில் நம்மாட்கள் எல்லோருக்கும் அவர் குச்சி துரைதான். அது அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் காதில் விழாமல் எதையும் பேச முடியாது.

என் பல் ஒன்று விழுந்ததை அவர் முகத்தைப் பார்க்காமலே கண்டுபிடித்தார். ஷார்ஜா என்று நான் சொன்ன விதம் போன வாரம் போல இல்லையாம். காது அவ்வளவு பெரிய வரம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். ஐந்து வருஷத்தில் அந்தக் காதால் ஒரு மனுஷனுக்காவது நல்லது நடந்து நான் பார்க்கவில்லை.

ஒத்திகை செவ்வாயும் வியாழனும் சாயங்காலம். ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வாசிக்கிறவர்கள் எல்லோரும் வேறு வேலை பார்க்கிறவர்கள். இன்ஜினியர், டீச்சர், பல் டாக்டர், விமானக் கம்பெனிக்காரர்களின் மனைவிமார். அல் கூஸில் கம்பெனிக்கு ஒரு வேர்ஹவுஸ் இருந்தது. அங்கிருந்து நாற்காலி, ஸ்டாண்டு, பெரிய டிரம் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஹாலில் போடுவதும் என் டூட்டிதான்.

மதியம் என் கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார். முதல் வயலின் பன்னிரண்டு, இரண்டாம் வயலின் பத்து, செல்லோ ஆறு. வேறு ஒன்றும் அதில் இருக்காது. போன வாரம் செல்லோ ஏழு என்று இருந்து இந்த வாரம் ஆறு என்றால், ஏழாவது ஆளுக்கு வேலை முடிந்தது. அந்த ஆளிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வந்து பார்த்தால் நாற்காலி இருக்காது. அப்படித்தான் அவர் ஆளை அனுப்புவார், அதாவது என்னை வைத்து அனுப்புவார்.

ஒரு தடவை அபுதாபியிலிருந்து இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் செல்லோப் பெட்டியோடு வந்து நின்றார். ஆறு நாற்காலியிலும் ஆள் இருந்தது. முதலில் என்னைத்தான் பார்த்தார், நான் மறந்துவிட்டேனோ என்று. நான் குனிந்து, சரியாக இருந்த ஸ்டாண்டின் திருகை முடுக்கினேன். துரை அவர் பக்கம் திரும்பவே இல்லை. குச்சியைத் தூக்கினார். இருக்கிறதிலேயே மெதுவான ஓர் இடத்திலிருந்து ஆரம்பித்தார். பெட்டியை உருட்டிக்கொண்டு அந்த மனுஷர் வெளியே போகிற சக்கரச் சத்தம் கதவு வரைக்கும் கேட்டது.

கத்தமாட்டார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. யாராவது தப்பாக வாசித்தால் குச்சியை இறக்கிவிட்டு "தேங்க் யூ" என்பார். அவர் அகராதியில் அதற்கு நிறுத்து என்று பொருள். புதிதாக வந்தவர்கள் பாராட்டு என்று நினைத்துச் சிரிப்பார்கள், பக்கத்தில் இருப்பவர்கள் தரையைப் பார்ப்பார்கள். ஒரு பிலிப்பினோ நர்ஸ், இரண்டாம் வயலினில் கடைசி வரிசை. நைட் டூட்டி முடித்துத் தூங்காமல் வந்திருந்தது அந்தப் பெண். நாலே நாலு வரியைத் தனியாக வாசிக்கச் சொன்னார். பதினோரு தடவை. பன்னிரண்டாவது தடவை அழுதுவிட்டது. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழுகை ஓய்ந்ததும், அதே இடத்திலிருந்து என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பதின்மூன்றாவது தடவை அந்தப் பெண் வாசித்ததைக் கேட்டு எனக்கே, ஒன்றும் தெரியாத எனக்கே, உடம்பு சிலிர்த்தது. அவரிடம் அழுதவர்கள் எல்லாரும் நன்றாக வாசித்தார்கள். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை.

இங்கிலாந்தில் இளம் வயதிலேயே பெரிய பேர் எடுத்தவராம். இசைத்தட்டு உறையில் எல்லாம் படம் வந்திருக்கிறதாம். கடைசியில் அங்கே ஓர் ஆர்க்கெஸ்ட்ரா முழுக்கக் கையெழுத்துப் போட்டு, இவர் இருந்தால் நாங்கள் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டதாக அந்தப் பல் டாக்டர் சொன்னார். அப்படியும் இந்த ஊரில் அவரிடம் வாசிக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அவர் சொல்லிக்கொடுத்த இரண்டு பிள்ளைகள் லண்டனுக்குப் படிக்கப் போனார்கள். பெற்றவர்கள் பூங்கொத்தோடு வந்தபோது வாங்கி என் கையில் கொடுத்தார், முன் சீட்டில் வைக்கச் சொல்லி. வீட்டில் இறங்கும்போது எடுத்துக்கொள்ளவில்லை.

இனி அந்தோணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனைச் சொல்லாமல் துரையைச் சொல்லி முடிக்க முடியாது.

அந்தோணி திண்டுக்கல் பக்கம். ஊரில் பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதினவன். கல்யாணம், சாவு, மாதா கோயில் தேர் பவனி, எதற்குக் கூப்பிட்டாலும் போய் ஊதியிருக்கிறான். இங்கே எங்கள் வேர்ஹவுஸுக்கு அடுத்த ஷெட்டில் கல் அறுக்கிற வேலை. கிரானைட் பலகை. தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும், ஆனால் தண்ணீர் விட்டால் வேலை மெதுவாகப் போகும் என்று ஃபோர்மேன் குழாயை மூடிவிடுவான். நாள் முழுக்கத் தூசி. மூக்கில் ஒரு கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். சாயங்காலம் பார்த்தால் தலைமுடி, புருவம் எல்லாம் வெளுத்து, இருபத்தெட்டு வயது ஆள் கிழவனாக வெளியே வருவான்.

ஊரிலிருந்து வரும்போது துணி மூட்டைக்குள் சுற்றி டிரம்பெட்டையும் கொண்டுவந்திருந்தான். தொழிலாளர் கேம்ப்பில் ஒரு ரூமுக்குப் பன்னிரண்டு பேர். வாரத்தில் வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் லீவு, எல்லோரும் தூங்குவார்கள், அன்றைக்கு இவன் ஊதினால் செருப்பு பறக்கும். அதனால் வேர்ஹவுஸ் சாவியை நான் கொடுத்தேன். வெள்ளி காலையில் நாற்காலிகளுக்கு நடுவில் நின்று ஒரு மணி நேரம் ஊதிவிட்டுப் போவான். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மிச்ச ஆறு நாளும் இருக்கிறேன் என்பான். இருமல் அப்போதே உண்டு. தூசியில் நிற்பவன் இருமாமல் என்ன செய்வான் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை டிரம் தோல் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று துரை வேர்ஹவுஸுக்குப் போகச் சொன்னார். அந்தோணி உள்ளே இருப்பான் என்பது வாசலில் வண்டியை நிறுத்தும்போதுதான் நினைவுக்கு வந்தது. கண்ணாடி ஏற்றியிருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. துரை இறங்காமல் உட்கார்ந்திருந்தார். உள்ளே யார் என்று கேட்டார். நம்மாள், சார், பக்கத்து ஷெட்டில் வேலை செய்கிறான் என்றேன். சாவி கொடுத்ததற்குத் திட்டு விழும் என்று நினைத்துக்கொண்டே இறங்கி அவருக்குக் கதவைத் திறந்தேன்.

உள்ளே போனோம். லுங்கியும் பனியனுமாக நின்றிருந்த அந்தோணி, துரையைக் கண்டதும் டிரம்பெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். வாசி என்று கை காட்டினார். அவன் ஊரில் சவ ஊர்வலத்துக்கு ஊதுகிற மெட்டு ஒன்றை ஊதினான். நான்கு வரி போயிருக்கும், "தேங்க் யூ" என்றார். அந்தோணி தலை குனிந்து கும்பிட்டான். பிறகு ஒரே ஒரு சுரத்தை முடிந்த மட்டும் இழுத்து நிறுத்தச் சொன்னார். கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. மூன்றாவது தடவை கிட்டே போய்க் காதை அவன் மார்புப் பக்கம் கொடுத்துக்கொண்டு நின்றார். டிரம்பெட்டின் வாய் இருந்த பக்கம் அவர் போகவே இல்லை.

அப்புறம் என்னிடம் திரும்பினார். தன் நெஞ்செலும்பை இரண்டு விரலால் தட்டிக் காட்டி, "தேர் இஸ் சம்திங் இன் ஹிஸ் செஸ்ட்" என்றார். யாராவது அதைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு டிரம் தோலைப் பார்க்கப் போய்விட்டார். அவன் ஊதியது நன்றாக இருந்ததா இல்லையா என்று ஒரு வார்த்தை இல்லை.

அந்தோணி என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னண்ணே சொன்னாரு? நெஞ்சத் தொட்டுத் தொட்டுச் சொன்னாரே."

"உன் நெஞ்சுல என்னமோ இருக்காம்டா" என்றேன். "யாராவது பாக்கணுமாம்."

ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. இங்கிலீஷில் அவர் சொன்னதைத்தான் தமிழில் சொன்னேன். ஆனால் இங்கிலீஷில் செஸ்ட் என்றால் எலும்பும் சளியும்தான். நம்மிடம் நெஞ்சு என்றால் அது மட்டுமா? அவன் முகம் விரிந்தது. கண் கலங்கிவிட்டது. "என் நெஞ்சுல என்னமோ இருக்குன்னு வெள்ளக்காரன் கண்டுபிடிச்சிட்டாம்ண்ணே" என்றான். துரை சொன்னது வியாதியை. அது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். டேய், அது இல்லடா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

முகம் மட்டும்தான் காரணம் என்றால் பொய். டாக்டரிடம் போனால் எக்ஸ்ரே எடுப்பார்கள், எக்ஸ்ரேயில் ஏதாவது வந்தால் அன்ஃபிட், அன்ஃபிட் என்றால் விசா கேன்சல், அடுத்த பிளேனில் ஊர். இதையெல்லாம் கணக்குப் போட்டேன். துரையிடம் ஆளைக் கொண்டுபோய்க் காட்டினவன் நான்தான் என்ற பெருமையும் எனக்கு இருந்தது. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அடுத்த வாரத்துக்குள் கேம்ப் முழுக்கப் பரவிவிட்டது. அந்தோணியை ஆர்க்கெஸ்ட்ராவில் எடுக்கப்போகிறார்கள், துரை நெஞ்சைத் தட்டிச் சொல்லிவிட்டார் என்று. பெண்டாட்டிக்குப் போனில் சொல்லிவிட்டான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், துரை ஏதும் சொன்னாரா என்று கேட்பான். கச்சேரி சீசன் முடியட்டும் என்பேன். ஒரு மணி நேரம் ஊதினவன் இரண்டு மணி நேரம் ஊதினான். நடுவில் உட்கார்ந்து இருமிக்கொண்டு மறுபடி ஊதினான்.

ஒரு வருஷம் இருக்கும். துரையோடு டிஃபென்ஸ் ரவுண்டானாவில் டிராஃபிக்கில் நின்றிருந்தேன். பின் சீட்டிலிருந்து, அந்த டிரம்பெட்காரனின் நெஞ்சை யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். பார்த்தாச்சு சார், டாக்டர் மாத்திரை கொடுத்தார், இப்போது சரியாகிவிட்டது என்றேன்.

பிறகு, என்னிடம் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவருடைய அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வீட்டில் நடுச்சுவர் மெல்லிசு. அடுத்த அறையில் அப்பா மூச்சுக்குத் திணறுவதைப் பையனாக இருந்த இவர் எண்ணிக்கொண்டே படுத்திருப்பாராம். சங்கீதம் கற்றுக்கொண்டதெல்லாம் அதற்கப்புறம்தானாம். முதலில் கற்றுக்கொண்டது அந்தச் சத்தத்தைத்தான், அது எங்கே இருந்தாலும் எனக்குத் தப்பாது என்றார். முகத்தில் வருத்தம் இருந்ததா என்று கண்ணாடியில் பார்த்தேன். மடியில் விரித்திருந்த இசைக்குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பொய் சொன்னால் உன் குரல் அரை சுரம் மேலே போகிறது" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அவரிடம் நான் எதிர்த்துக் கேட்டது அந்த ஒரு தடவைதான். தெரிந்தவர் நீங்கள் ஏன் அவனிடமே சொல்லவில்லை, சார் என்றேன்.

"உன்னிடம் சொன்னேன். அவன் பாஷை உனக்குத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்த டாக்டர்கள் அந்த ஆர்க்கெஸ்ட்ராவிலேயே மூன்று பேர் இருந்தார்கள். ஒரு போன் போதும். செய்யவில்லை. கேட்டதோடு அவர் காதின் வேலை தீர்ந்தது. அன்றைக்கு அவரை நான் வெறுத்த மாதிரி வாழ்க்கையில் யாரையும் வெறுத்ததில்லை. வரும் வெள்ளிக்கிழமை அந்தோணியிடம் சொல்லியே தீருவது என்று முடிவு கட்டினேன்.

போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவன் ஒரு சேதி சொன்னான். ஃபோர்மேன் அவனைக் கூப்பிட்டு, ரொம்ப இருமுகிறாய், பேக்கிங் பக்கம் போய்விடு என்றானாம். பேக்கிங்கில் தூசி கிடையாது. அட்டைப் பெட்டியும் டேப்பும்தான். இவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டானாம்.

"பேக்கிங்ல வெள்ளிக்கெழம டூட்டிண்ணே. பிராக்டிஸ் போயிரும். தொர கூப்புடறப்ப ஒதடு தயாரா இருக்கணும்ல?"

சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில் சொல்லியிருந்தால் சனிக்கிழமையே போய் ஃபோர்மேன் காலில் விழுந்து பேக்கிங் கேட்டிருப்பான். ஆனால் சொன்னால், ஒரு வருஷமாகத் தெரிந்தே ஏமாற்றினேன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. பாத்து இருந்துக்கோ, தண்ணி நெறையக் குடி என்றேன். வெளியே வந்து வேனில் உட்கார்ந்து அழுதேன். அழுததால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

விசா புதுப்பிக்கிற மெடிக்கலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக இருந்ததாம். அன்ஃபிட். நான்கே நாளில் டிக்கெட் போட்டுவிட்டார்கள். ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். டிராலியைத் தள்ள முடியாமல் இரண்டு இடத்தில் நின்றான். ஊர்க் காற்றில் ஆறு மாசம் இருந்தால் சரியாகிவிடும், துரையிடம் அதுவரை வேறு ஆள் எடுக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள் என்றான். சொல்கிறேன் என்றேன்.

துரையிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. வியாபாரமெல்லாம் படுத்த அந்த வருஷக் கடைசியில் கம்பெனி ஆர்க்கெஸ்ட்ராவைக் கலைத்தது. அவரும் கிளம்பினார். ஏர்போர்ட் வாசலில் பெட்டிகளை இறக்கி வைத்தேன். கைகொடுப்பார் என்று நினைத்து என் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டேன். வாட்டர் பம்ப்பை மாற்று என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மாற்றவில்லை, வீம்புக்கு. மூன்றாம் வாரம் போனது.

போகிறபோது அந்தக் காதை என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார் போல. இப்போது அஜ்மானிலிருந்து வருகிற பஸ்ஸில் பின்னால் யாராவது இருமினால், அது ஏசி இருமலா, சிகரெட் இருமலா, கல் இருமலா என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. ஒருநாள் எனக்கு முன் சீட்டில் ஓர் இளவட்டம், ராமநாதபுரம் பக்கத்துப் பேச்சு, ஸ்டாப் வருகிற வரைக்கும் இருமிக்கொண்டே வந்தான். கல் இருமல்தான். முன்பின் தெரியாதவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அல் கூஸில் இறங்கிப் போய்விட்டான்.

துரை போனதற்கு அடுத்த வருஷம் ஒரு காலையில் திண்டுக்கல்லிலிருந்து போன். அந்தோணியின் தம்பி. விடியற்காலை நாலரைக்கு முடிந்துவிட்டது என்றான். கடைசி ஒரு மாதம் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே இருந்தானாம். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. தம்பி அழவில்லை, ஓடியாடி ஏற்பாடு பார்க்கிறவர்களுக்கு அழ நேரம் ஏது. கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கக் கடையில் நின்றுகொண்டிருந்தான். அண்ணனை டிரம்பெட்டோடு நிற்கவைத்து எடுத்த படம் ஒன்றுதான் நல்லதாக இருக்கிறதாம். படத்துக்குக் கீழே துரை சொன்னதை இங்கிலீஷிலேயே போட வேண்டும் என்று அண்ணி பிடிவாதமாக நிற்கிறாளாம்.

"சாகறதுக்கு முந்தின நாளு கூட அதத்தாண்ணே சொல்லிக்கிட்டிருந்துச்சு. தொர என்ன சொன்னாரோ அத அப்புடியே சொல்லுங்க. பக்கத்துல கம்ப்யூட்டர்ல அடிக்கிறாரு."

அந்த வாக்கியம் எனக்கு மறக்கவே இல்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவன் திருப்பிச் சொல்லச் சொல்ல, கடைக்காரர் தட்டுகிற சத்தம் கேட்டது. சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"அண்ணே, செஸ்ட்டுன்னா சரியா வரலங்கறாரு இவரு. ஆஸ்பத்திரியில சொல்ற மாதிரி இருக்காம். ஹார்ட்டுன்னு மாத்திரவா?"

மாற்றிவிடு என்றேன்.